கண் அசரும்போது ஏன் தூக்கிவாரிப் போடுகிறது?

(மாதாந்திர அறிவியல் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூக்கத்தைப் பற்றிப் பேசப்போகிற கூட்டத்துக்கு ராத்திரி ஏழு மணியைக் குறித்திருக்கிறார்கள். பேச்சின் நடுவே உங்களில் யாருக்காவது கண் சொக்கி, திடுக்கென்று உடம்பு தூக்கிப் போட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். தலைப்புக்கு ஏற்ற செயல்முறை விளக்கம் என்று எடுத்துக்கொள்வேன்.

விளக்கை அணைத்துப் படுக்கிறோம். கை கால் தளர்கிறது. நாளைக்குக் கட்ட வேண்டிய பணமும், காலையில் பார்த்த யாரோ ஒருவர் முகமும், சம்பந்தமே இல்லாத ஒரு தெருவும் ஒன்றோடொன்று கலக்க ஆரம்பிக்கின்றன. அந்த நேரம் பார்த்து, மாடிப்படி ஒன்று குறைந்ததுபோல ஓர் உணர்வு. கால் வெடுக்கென்று உதைக்கிறது. சில சமயம் உடம்பு முழுவதுமே துள்ளி விழுகிறது. விழித்துப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் “என்னாச்சு?” என்கிறார். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிப் புரண்டு படுக்கிறோம்.

இது எத்தனை பேருக்கு வருகிறது தெரியுமா? 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்திருக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. எந்த வயதிலும் வரும். மருத்துவர்கள் இதை ஹிப்னிக் ஜெர்க் என்கிறார்கள். ஸ்லீப் ஸ்டார்ட் என்ற பெயரும் உண்டு. இந்தப் பேச்சில் நான் உறக்க உதறல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கூட்டம் தொடங்கும் முன்பே சிலர் சீட்டில் கேள்வி எழுதித் தந்திருக்கிறார்கள். “இது வலிப்பு நோயின் ஆரம்பமா?” என்று ஒரு சீட்டு. “இதயம் ஒரு கணம் நின்றுபோகிறது, மூளை உடம்பை உதறி எழுப்புகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா?” என்று இன்னொன்று. “குரங்காக இருந்தபோது மரத்திலிருந்து விழாமல் இருக்க வந்த பழக்கமாமே?” என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இன்றைய பேச்சின் சாரத்தை ஒரே வரியில் வைத்துவிடுகிறேன்: இந்த உதறல் நோய் இல்லை, நமக்கே தெரியாமல் நாம் தூங்க ஆரம்பித்துவிட்டோம் என்பதற்கு உடம்பு சொல்லும் சாட்சி. மற்றதெல்லாம் இந்த வரிக்கு விளக்கம்.

இதை மருத்துவ உலகம் எப்போது கவனித்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் சைலஸ் வெய்ர் மிட்செல் என்று ஒரு நரம்பியல் மருத்துவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்கள், இல்லாத கையில் வலிக்கிறது என்று சொன்னபோது அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்காமல் பதிவு செய்தவர் அவர்தான். பிறர் அற்பம் என்று தள்ளுகிற புகார்களைக் காது கொடுத்துக் கேட்பது அவருடைய இயல்பு. 1890-இல் தூக்கக் கோளாறுகள் பற்றி எழுதிய கட்டுரையில், தூங்கப்போகும் நேரத்தில் வரும் இந்தத் திடீர் அதிர்ச்சிகளை விவரித்தார். சிலருக்கு உடம்பு துள்ளுகிறது. சிலருக்கோ உடம்பு அசைவதில்லை, மண்டைக்குள் வெடிச் சத்தம் கேட்டதுபோலவும் வெளிச்சம் பளீரென்று அடித்ததுபோலவும் இருக்கிறது என்று அவர் குறித்துவைத்தார்.

ஆனால் அவரிடம் இருந்தது கண்ணும் காதும் மட்டும். தூங்குகிறவர் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கருவி இல்லை. அந்தக் கருவி ஜெர்மனியில் பிறந்தது. ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை மண்டைத்தோல் மீதிருந்தே பதிவு செய்து, 1929-இல் அதை வெளியிட்டார். இன்று நாம் ஈ.ஈ.ஜி. என்று சொல்வது அதைத்தான். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் அலைகள் வருகின்றன. ஆல்பா அலைகள் என்று பெயர். கண் அசரத் தொடங்கியதும் அவை கலைந்து, நொடிக்கு 4 முதல் 7 வரையிலான மெதுவான அலைகள் தலைகாட்டுகின்றன. மூடிய இமைகளுக்குள் விழிகள் இப்படியும் அப்படியும் சாவகாசமாக உருளுகின்றன. தூக்கத்தின் முதல் நிலை இதுதான். ஓர் இரவின் மொத்தத் தூக்கத்தில் இதன் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்.

உறக்க உதறல் பெரும்பாலும் இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் நிகழ்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் இயன் ஆஸ்வால்ட், ஈ.ஈ.ஜி. பதிவுகளோடு இதை ஆராய்ந்து 1959-இல் ‘பிரெய்ன்’ இதழில் எழுதினார். உடம்பு உதறும் கணத்தில் மூளையலைகளில் ஒரு விழிப்பின் அடையாளமும் சேர்ந்தே தெரிகிறது என்று அவர் காட்டினார். தூக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் மூளையை ஏதோ ஒன்று தட்டுகிறது. மூளை சற்றே மேலே வருகிறது. அதோடு உடம்பும் துள்ளுகிறது. தட்டுவது வெளியே கேட்ட மெல்லிய சத்தமாக இருக்கலாம். உள்ளிருந்தே எழுந்த தூண்டலாகவும் இருக்கலாம்.

உதறல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? தசையில் மின்முனை வைத்துப் பதிவு செய்தால், பொதுவாக 75 முதல் 250 மில்லி விநாடி. அதாவது கால் விநாடிக்கு மேல் போவதில்லை. இவ்வளவு குறுகிய நேரத்தில் எத்தனை கலவரம் பாருங்கள்!

சரி, ஏன் வருகிறது? இதற்குத் தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெகுகாலம் மருத்துவர்கள் என்ன நினைத்திருந்தார்கள் என்றால், வெளியிலிருந்து வரும் வெளிச்சமும் சத்தமும் குறைந்தால் மூளை தானாக அடங்கிவிடும், அதுதான் தூக்கம் என்று. அந்த நினைப்பை முதலில் அசைத்தது ஒரு கொள்ளை நோய். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் மூளைக் காய்ச்சல் ஒன்று பரவியது. வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகானமோ என்ற மருத்துவர் 1917-இல் அதை விவரித்தார். சில நோயாளிகள் வாரக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலரோ கண்ணையே மூட முடியாமல் தவித்தார்கள். இறந்தவர்களின் மூளைகளை அவர் ஆராய்ந்தார். தூங்கித் தூங்கி மாண்டவர்களுக்கு மூளையில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தின் பின்பகுதியில் சேதம். தூக்கமே வராதவர்களுக்கு முன்பகுதியில் சேதம். அப்படியானால், மூளையில் விழிக்க வைக்கும் இடம் ஒன்றும் தூங்க வைக்கும் இடம் ஒன்றும் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார்.

விழிப்பின் பக்கத்தை 1949-இல் மொருசி, மகூன் என்ற இரு விஞ்ஞானிகள் தெளிவாக்கினார்கள். மூளைத்தண்டில் ரெட்டிகுலர் ஃபார்மேஷன் என்ற வலைப்பின்னலான நரம்புப் பகுதி இருக்கிறது. மயக்கத்தில் இருந்த பூனைகளுக்கு அங்கே மெல்லிய மின்தூண்டல் கொடுத்ததும், மெதுவாக ஓடிக்கொண்டிருந்த மூளையலைகள் விழித்திருக்கும் மூளையின் வேகமான அலைகளாக மாறின. தூக்கத்தின் பக்கம் துலங்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஹைபோதலாமஸின் முன்பகுதியில், தூங்கும்போது மட்டும் சுறுசுறுப்பாகும் சிறு நரம்புக் கூட்டத்தை ஹார்வர்டில் கிளிஃபோர்ட் சேப்பர் குழுவினர் 1996-இல் அடையாளம் காட்டினார்கள். இந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கின்றன. விழிப்பின் கை ஓங்கினால் தூக்கத்தின் கூட்டம் வாயடைத்திருக்கும். தூக்கத்தின் கை ஓங்கினால் விழிப்பின் கூட்டம் அடங்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூளை முழுவதும் ஒரே கணத்தில் தூங்கிவிடுவதில்லை. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்ட நோயாளிகளைப் பிரான்சில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். புலன் செய்திகளை மேலே அனுப்பும் தலாமஸ் முதலில் அடங்குகிறது. சிந்திக்கும் மேல்மூளை அதற்குப் பல நிமிடங்கள் கழித்துத்தான் அடங்குகிறது. அந்த இடைவெளியில் வெளியுலகச் செய்தி குறைந்துபோன மேல்மூளை, தன் கையிருப்பை வைத்தே காட்சிகளைப் பின்னுகிறது. கண் அசரும்போது அர்த்தமில்லாத முகங்களும் தெருக்களும் வந்து போகின்றனவே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நம் ஊர்ப் பஞ்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பகல் ஷிப்டுக்காரர்கள் இன்னும் முழுதாகக் கிளம்பவில்லை. இரவு ஷிப்டுக்காரர்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஒரு வரிசையில் எந்திரம் நின்றுவிட்டது. பக்கத்து வரிசையில் ஓடுகிறது. பொறுப்பு யார் கையில் என்பது அந்தச் சில நிமிடங்களுக்குத் தெளிவில்லை. அப்போது கிளம்பப்போகிற ஒருவர் ஏதோ சத்தம் கேட்டுப் பழக்கத்தில் கைப்பிடியை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? நின்ற எந்திரம் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி நிற்கும். உறக்க உதறலைப் பற்றி இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் ஏறக்குறைய இதுதான். விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறும் நிலையற்ற நேரத்தில், மூளைத்தண்டின் ரெட்டிகுலர் பகுதியிலிருந்து திடீரென ஒரு நரம்புக் கட்டளை முதுகுத்தண்டு வழியாக இறங்குகிறது. தளர்ந்துகொண்டிருந்த தசைகள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. கட்டளை அத்தோடு முடிந்துபோகிறது.

விழுவதுபோல ஏன் தோன்றுகிறது? தசைகள் தளரும்போது கை கால்கள் எங்கே இருக்கின்றன என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. காட்சிகளைப் பின்னத் தொடங்கிவிட்ட மேல்மூளை, அந்தக் குறையையும் வெடுக்கென்று வந்த அசைவையும் ஒரு கதையாக்கிவிடுகிறது: படி தவறியது, பள்ளத்தில் கால் வைத்தேன், பந்து முகத்துக்கு நேரே வந்தது. எல்லாருக்கும் இந்தக் கதை வருவதில்லை. பலருக்கு உதறல் மட்டும் வரும், கனவு எதுவும் இருக்காது. சிலருக்கு உதறல் நடந்ததே தெரியாது. பக்கத்தில் படுத்து உதை வாங்கியவர் சொல்லித்தான் தெரியவரும்.

இப்போது மாணவரின் குரங்குக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் கூலிட்ஜ் முன்வைத்த ஊகம் இது. மரத்தில் தூங்கிய நம் மூதாதைகளின் மூளை, தசை தளர்வதை விழுவதாகத் தவறாக எடுத்துக்கொண்டு உடம்பை உலுக்கி எழுப்பியது. அதன் மிச்சம்தான் நமக்கு வருவது என்கிறார் அவர். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாம் இரவுதோறும் கிளைகளையும் இலைகளையும் வளைத்துப் படுக்கை அமைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. கேட்கச் சுவையான கதை என்பதும் உண்மை. ஆனால் இதைச் சோதித்து நிரூபித்த ஆய்வு கிடையாது. தவிர, கிளையில் படுத்திருப்பவனுக்குத் தேவை இறுக்கிப் பிடிப்பது. நம் உதறலோ காலை வெளியே எறிகிறது. கிளையில் படுத்துக்கொண்டு இப்படி உதைத்தால் விழாதவனும் விழுந்துவிடுவான்! ஆகவே தம்பி, இதை ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் விடையாக எழுதிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் செய்திக்கு இன்னும் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். தூங்கத் தொடங்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். மூச்சு கொஞ்சம் சீர் மாறும். இவை எல்லோருக்கும் தினமும் நடப்பவை. இதயம் நிற்பதும் இல்லை, மூளை பதறுவதும் இல்லை. உதறலுக்குப் பிறகு வரும் படபடப்பு, திடீரென்று விழித்ததன் விளைவு. விளைவைக் காரணமாக்கிப் பயமுறுத்துகிறது அந்தச் செய்தி. அவ்வளவுதான்.

உதறல் யாருக்கு அதிகம் வருகிறது? சரியாகத் தூங்காதவர்களுக்கு, மனஉளைச்சலில் இருப்பவர்களுக்கு, ராத்திரி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி செய்பவர்களுக்கு, காபி, டீ, சிகரெட் அதிகம் எடுத்துக்கொள்பவர்களுக்கு. தூக்கம் கெட்டவர் படுத்ததும் மூளை அவசரமாகத் தூக்கத்துக்குள் பாய்கிறது. மனம் பதறிக் கிடந்தால் விழிப்பின் பக்கம் லேசில் அடங்குவதில்லை. இரண்டிலும் ஷிப்ட் மாற்றம் கரடுமுரடாகிறது.

காபியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். காஃபின் அந்த அடினோசின் வேலை செய்யும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அன்றைய தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. “எனக்குக் காபி குடிச்சாத்தான் தூக்கமே வரும்” என்று சொல்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. உதறல் தொந்தரவு இருந்தால் மட்டும், சாயங்கால டிகிரி காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள் என்பேன்.

எல்லாவற்றையும் விட உதறலை வளர்ப்பது உதறலைப் பற்றிய பயம். “இன்னைக்கும் வருமோ” என்று காத்துக்கொண்டு படுத்தால், காத்திருக்கிற மூளை விழிப்பின் பக்கத்தை அடங்க விடாது. அதனால் உதறல் கூடும். உதறல் கூடினால் பயம் கூடும். சிலருக்குப் படுக்கையைப் பார்த்தாலே கலக்கம் வரும் அளவுக்கு இது வளர்ந்துவிடுகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மருந்து, இது ஆபத்தில்லை என்ற தெளிவுதான். உலக அளவில் தூக்கக் கோளாறுகளை வகைப்படுத்தும் மருத்துவ நூலே உறக்க உதறலை நோய்களின் வரிசையில் வைக்காமல், இயல்பான மாறுபாடுகள் என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறது. மாத்திரை தேவைப்படுவது வெகு அபூர்வம்.

ஆனாலும் தூக்கத்தோடு சேர்ந்து வரும் எல்லா உதறலும் இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் பிரித்துச் சொல்லாமல் போனால் என் கடமை முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் கைக்குழந்தைகள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை தூக்கத்தில் கை கால்களை வெட்டி வெட்டி உதறும். தூக்கத்தில் மட்டும் வந்து, குழந்தையை எழுப்பியதும் நின்றுவிட்டால், பெரும்பாலும் அது தானாக மறையும் சாதாரண உதறல்தான். சில மாதங்களில் போய்விடும். சத்தம் கேட்டாலோ தலை சற்றே கீழே சரிந்தாலோ குழந்தை கைகளை விரித்துப் பிறகு அணைப்பதுபோல் சேர்க்கும். அதுவும் பிறவியிலேயே வரும் இயல்பு. ஆஸ்திரிய மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ பெயரால் மோரோ அனிச்சைச் செயல் என்கிறோம். நம் ஊரில் “குழந்தை பயந்திருக்கு” என்று பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் மந்திரிப்பார்கள், திருநீறு பூசுவார்கள். மனநிம்மதிக்காகச் செய்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். 3 மாதம் முதல் 12 மாதம் வரையிலான குழந்தை, பெரும்பாலும் தூங்கி எழுந்தவுடன், தலையையும் உடம்பையும் முன்னால் மடக்கி மடக்கி, வரிசையாகப் பல முறை உதறினால் அது வேறு விஷயம். 1841-இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் சொந்த மகனுக்கு வந்த இந்த உதறலை ‘லான்செட்’ இதழுக்குக் கடிதமாக எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார். இன்று அவர் பெயரிலேயே வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். சிகிச்சை தாமதமானால் குழந்தையின் வளர்ச்சியே பாதிக்கப்படும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நல மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது, பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள். ராத்திரி தூங்கப்போகும்போது வரும் உதறலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை வெடுக்கென்று உதறி, டம்ளரோ பிரஷ்ஷோ கை நழுவிப் போகிறதென்றால் அது இளம்வயதினருக்கு வரும் ஒரு வகை வலிப்பாக இருக்கக்கூடும். பெரும்பாலும் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் தொடங்கும். தேர்வுக்காக விடிய விடியக் கண் விழித்த மறுநாள் காலை கூடும். “பிள்ளை கவனமில்லாம எல்லாத்தையும் போட்டு உடைக்கிறான்” என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் பையனுக்கு உண்மையில் தேவை மருத்துவர். மருந்தில் நன்றாகக் கட்டுப்படும் வலிப்பு இது. சீட்டில் வலிப்பா என்று கேட்டவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: உதறல் வரும் வேளையைப் பாருங்கள். நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கையிலேயே சிறுநீர் போவது, எழுந்த பிறகு நெடுநேரம் குழம்பிக் கிடப்பது ஆகியவை உறக்க உதறலில் கிடையாது. இருந்தால் வலிப்பை நினைக்க வேண்டும்.

மூன்றாவது, தூங்கிய பிறகும் இரவு முழுக்க, 20 முதல் 40 விநாடிக்கு ஒரு தடவை கால் மடங்கி மடங்கி அசைவது. தூங்குபவருக்குத் தெரியாது, பகலெல்லாம் அசதியாக இருக்கும். இதோடு உறவுடையது, படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, எழுந்து நடந்தால்தான் சரியாகும் அமைதியற்ற கால் கோளாறு. ஸ்வீடன் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945-இல் இதை விரிவாக எழுதினார். இரும்புச் சத்துக் குறைவு இதற்கு முக்கியமான ஒரு காரணம். 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. “ராத்திரி காலெல்லாம் என்னவோ பண்ணுது” என்று வீட்டில் அம்மா சொன்னால், காலை அமுக்கிவிடுவதோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள்.

நான்காவது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் விடியற்காலைப் பக்கம் கனவில் வருவதை அப்படியே கை காலால் நடித்து, கத்தி, குத்தி, உதைப்பது. கனவு காணும் நேரத்தில் உடம்பை அசையவிடாமல் கட்டிவைக்கும் பொறுப்பு மூளைத்தண்டுக்கு உண்டு. அந்தக் கட்டு தளர்ந்தால் இப்படி ஆகும். பின்னாளில் பார்க்கின்சன் நோய் வருவதற்கு இது முன்னறிகுறியாக இருப்பதுண்டு, அலட்சியம் கூடாது. இதற்கு நேர்மாறாக, விழித்த பிறகும் அந்தக் கட்டு சில நிமிடம் அவிழாமல் இருந்தால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். நாம் தலைமுறை தலைமுறையாக அமுக்குவான் பேய் என்று சொல்லிவந்தது இதைத்தான்.

கடைசியாக, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் உதறலைக் கூட்டுவதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. புது மாத்திரை தொடங்கிய பிறகு இது வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இனி, நான் முதலில் சொன்ன வரிக்குத் திரும்புகிறேன். நமக்கே தெரியாமல் நாம் தூங்க ஆரம்பித்துவிட்டோம் என்பதற்கு உடம்பு சொல்லும் சாட்சி என்றேன். வீட்டில் ஈஸிசேரில் குறட்டை விட்ட தாத்தாவை எழுப்பினால் “நான் எங்கடா தூங்கினேன், கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தூக்க ஆய்வுக்கூடங்களிலும் இளந்தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் பலர் தாங்கள் தூங்கவே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். தூக்கத்தின் முதல் நிமிடங்கள் நம் நினைவில் பதிவதில்லை.

அந்த நிமிடங்களைப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. தாமஸ் எடிசன் நாற்காலியில் சாய்ந்து கையில் உலோகக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டு கண் அயர்வார், குண்டு விழும் சத்தத்தில் விழித்து அப்போது தோன்றிய யோசனையைக் குறித்துக்கொள்வார் என்று ஒரு கதை சொல்வார்கள். பாரிஸ் மூளை ஆய்வு நிறுவனத்தினர் அதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். 103 பேருக்குக் கணக்குகள் கொடுத்தார்கள். எல்லாக் கணக்குக்குள்ளும் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது. நடுவில் கண் அயர விட்டார்கள். முதல் நிலைத் தூக்கத்தில் குறைந்தது 15 விநாடி இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். ஆழ்ந்து போனவர்களில் 14 சதவீதம் மட்டும். ஆக, உதறல் நிகழும் அந்தக் கலங்கலான நேரம் வீண் நேரமும் இல்லை.

ஆனால் அதே சாட்சி இன்னோர் இடத்தில் வந்தால் அதன் பொருள் வேறு. ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தலை தொங்கி, திடுக்கிட்டு நிமிர்கிறீர்கள். “நல்லவேளை, தூங்கப் பார்த்தேன்” என்று நினைப்பீர்கள். அது தவறு. நீங்கள் ஏற்கெனவே தூங்கிவிட்டீர்கள். திடுக்கிட்டது அதற்குப் பிறகுதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். 3 விநாடி கண் அசந்தால் 66 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று பொருள். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது எல்லாம் பெரிதாகப் பயன் தருவதில்லை என்று இங்கிலாந்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் இருவரும் ஆராய்ந்து சொன்னார்கள். பயன் தந்தவை இரண்டு: ஒரு காபி, பிறகு கால் மணி நேரத் தூக்கம். காபி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம். அதுவும் தற்காலிக நிவாரணம்தான்.

ஆகவே பெரியோர்களே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயம். படுக்கையில் உடம்பு தூக்கிவாரிப் போட்டால் பயப்படாதீர்கள். தூக்கம் வந்துவிட்டது என்று புரண்டு படுங்கள். வண்டி ஓட்டும்போது தலை தொங்கித் திடுக்கிட்டால், இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடாதீர்கள். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரமாக நிறுத்தித் தூங்குங்கள். உங்கள் வண்டியை ஓட்டுபவருக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.